அம்பாசிடர் எஞ்சினில் கேம் புஷ்: அப்படியே விடலாமா, நாமே போடலாமா, பட்டறைக்குக் கொடுக்கலாமா?

எஞ்சினை இறக்கி, கிராங்கையும் பிஸ்டன்களையும் கழற்றி, வெறும் பிளாக்கை மேசைமேல் வைத்ததும் எல்லாருடைய கண்ணும் சிலிண்டருக்குத்தான் போகும். போர், அதாவது சிலிண்டரின் உள்துளை, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எத்தனை ஓவர்சைஸ் போடலாம், பிஸ்டன் எங்கே கிடைக்கும் என்று பேச்சு ஓடும். அதே பிளாக்கின் பக்கத்தில், டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மூன்று வளையங்களைப் பற்றி யாரும் வாயே திறக்க மாட்டார்கள். வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் அந்த மூன்று வளையங்களுக்குள்தான் சுழல்கிறது. புத்தகத்தில் கேம் ஷாஃப்ட் பேரிங் என்று இருக்கும். பட்டறையில் கேம் புஷ்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. போர் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும் எம்ஜி ஏ-விலும் ஓடிய அதே எஞ்சின்தான் மேற்கு வங்கத்தில் அம்பாசிடர் செய்த உத்தரபாராவுக்கு வந்து நம் ஊர் டாக்ஸிகளிலும் அரசாங்க வண்டிகளிலும் பல ஆண்டுகள் உழைத்தது. கார் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இன்று இந்த எஞ்சினைப் பிரிக்கிறவர் அநேகமாக வண்டிமேல் பாசம் வைத்தவர். அவருக்குத்தான் இந்த ஒப்பீடு.

எங்கள் வீட்டில் இருப்பது 1984-ஆம் வருட மார்க் 4. அதன் கேம் புஷ் வேலையை இரண்டு முறை செய்ய வேண்டி வந்தது. முதல் முறை நடந்த ஒரு தவறுதான் இரண்டாவது முறைக்குக் காரணம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், இந்தப் புஷ் தேய்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்வோம். கேம், கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. அதன்மேல் விழும் சுமை வால்வு ஸ்பிரிங்கிலிருந்து ராக்கர் (வால்வை அழுத்தும் கை), புஷ் ராட், டேப்பட் வழியாகக் கீழ்நோக்கி வருகிறது. அதனால் புஷ்ஷின் அடிப்பக்கம்தான் முதலில் தேயும். தேய்ந்தாலும் சத்தம் வராது. கிராங்க் பேரிங் போனால் எஞ்சின் தட்டும், எல்லாருக்கும் கேட்கும். கேம் புஷ் தேய்ந்தால் எண்ணெய் மட்டும் ஓரத்தில் கசிந்து அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்குப் போய்விடும். ஒரு பேரிங்கில் கசியும் எண்ணெயின் அளவு கிளியரன்ஸின் மும்மடிக்கு ஏற்ப மாறும். அதாவது இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. புதுக் கிராங்க் பேரிங், புது ஆயில் பம்ப் எல்லாம் போட்ட பிறகும் எஞ்சின் சூடானதும் ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் விழுந்துகொண்டே இருந்தால், பார்க்காமல் விட்ட இந்த மூன்று வளையங்களும் காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று, இந்த எஞ்சினில் ராக்கர் ஷாஃப்டுக்கு எண்ணெய் போவதே பின்பக்கக் கேம் புஷ் வழியாகத்தான். அங்கிருந்து பிளாக்கிலும் ஹெட்டிலும் உள்ள சின்னத் துளை வழியாக ஏறி, கடைசி ராக்கர் ஸ்டாண்டுக்குள் போய், ஷாஃப்டுக்குள் நுழைகிறது. பின் புஷ்ஷின் துளை பிளாக்கின் துளையோடு சேரவில்லை என்றால் எஞ்சினின் தலையே காய்ந்துபோகும்.

இனி இருக்கிற வழிகளைப் பார்ப்போம்.

பழையதை அப்படியே விடுவது

இதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நல்ல நிலையில் இருக்கும் பழைய புஷ், தொழிற்சாலையில் மூன்றையும் பொருத்தி, பொருத்திய இடத்திலேயே ஒரே கோட்டில் ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) ஓட்டி முடித்தது. அந்த நேர்கோட்டை ஒரு முறை கலைத்துவிட்டால் திரும்பக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. அளந்து பார்த்து, அளவு சரியாக இருந்தால் விட்டுவிடுவது நல்ல முடிவுதான்.

ஆனால் அளக்க வேண்டும். நகத்தால் தடவிப் பார்த்துச் சொல்வது அளவு ஆகாது. பி சீரிஸ் கேமின் ஜர்னல்கள், அதாவது புஷ்ஷுக்குள் சுழலும் உருளைப் பகுதிகள், மூன்றும் மூன்று அளவு. முன்னது பெரியது, பின்னது சின்னது. கேமை முன்பக்கத்திலிருந்து உள்ளே தள்ள வேண்டும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். முன் ஜர்னல் 1.78875 முதல் 1.78925 அங்குலம். நடு 1.72875 முதல் 1.72925. பின் 1.62275 முதல் 1.62325. புஷ்ஷின் உள்விட்டம் முன்னால் 1.79025 முதல் 1.79075, நடுவில் 1.73025 முதல் 1.73075, பின்னால் 1.62425 முதல் 1.62475. கழித்துப் பார்த்தால் கிளியரன்ஸ் 0.001 முதல் 0.002 அங்குலம், பட்டறைக் கணக்கில் ஒன்று முதல் இரண்டு தௌ. இரண்டு தௌ என்பது 0.05 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது.

மைக்ரோமீட்டரில் ஜர்னலையும், போர் கேஜில் புஷ்ஷையும் அளக்க வேண்டும். புஷ்ஷை மேல் கீழாக ஒரு முறை, இடம் வலமாக ஒரு முறை. இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் அடிப்பக்கம் தேய்ந்து முட்டை வடிவம் ஆகியிருக்கிறது என்று பொருள். பிளாக்கும் கருவியும் ஒரே சூட்டில் இருக்கும் காலை நேரத்தில் அளப்பது என் வழக்கம்.

இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பிளாக்கைச் சுத்தம் செய்யச் சுடச்சுடக் காஸ்டிக் தொட்டியில் போட்டீர்கள் என்றால் விவாதம் அங்கேயே முடிந்தது. புஷ்ஷின் உள்பூச்சு வைட் மெட்டல். அதில் உள்ள ஈயத்தையும் வெள்ளீயத்தையும் காஸ்டிக் அரித்துவிடும். தொட்டியிலிருந்து வந்த பிளாக்கில் உள்ள கேம் புஷ்ஷை நம்பக் கூடாது, மாற்றியே ஆக வேண்டும். புஷ்ஷைக் காப்பாற்ற நினைத்தால் மண்ணெண்ணெய், பிரஷ், கம்ப்ரஸர் காற்று என்று கையால்தான் கழுவ வேண்டும். பிளாக்கைப் பட்டறைக்கு அனுப்பும் முன்பே இதை முடிவு செய்து சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் வழக்கப்படி தொட்டியில் இறக்கிவிடுவார்கள்.

நாமே போடுவது

இணையத்தில் கேம் புஷ் மாற்றுவதைத் தேடினால் பெரும்பாலும் வருவது அமெரிக்க வி8 எஞ்சின்கள். ஒரு கம்பி, முனையில் விரிந்து பிடிக்கும் ஒரு தலை, ஒரு சுத்தியல். பத்து நிமிடத்தில் ஐந்து புஷ்ஷும் உள்ளே போய்விடும். கேமைத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். பார்த்தால் நாமும் செய்துவிடலாம் என்றே தோன்றும். செவ்ரோலெட்டின் 350 போன்ற எஞ்சின்களுக்கு அது சரிதான். அங்கே ஐந்து புஷ்ஷும் முடிந்த அளவிலேயே கடையில் கிடைக்கும். அடித்து உட்கார வைத்தால் உள்விட்டம் தானாகச் சரியான அளவுக்கு வந்துவிடும்படி செய்திருப்பார்கள். ரீமர் ஓட்டத் தேவையில்லை.

நம் எஞ்சின் அப்படி இல்லை. பி சீரிஸ் ரிப்பேர் மேனுவலில் கேம் புஷ் மாற்ற இரண்டு தனிக் கருவிகள் சொல்லியிருக்கிறார்கள். கழற்றவும் பொருத்தவும் 18ஜி 124ஏ, அப்புறம் ரீமர் ஓட்ட 18ஜி 123ஏ. புஷ்ஷை உள்ளே இழுத்ததோடு வேலை முடிவதில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. இறுக்கமாக உட்காரும்போது புஷ் கொஞ்சம் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பது அந்தப் பிளாக்கின் துளை அளவைப் பொறுத்தது. நாற்பது வருடம் சூடாகி ஆறிய பிளாக்கில் மூன்று துளையும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்ப முடியாது.

சரி, வீட்டில் செய்யவே கூடாதா? செய்யலாம், ஆனால் சுத்தியலால் வேண்டாம். புஷ் என்பது மெல்லிய எஃகு ஓடு, உள்ளே அதைவிட மெல்லிய வைட் மெட்டல் பூச்சு. அடிக்கும்போது ஒரு நூல் சாய்ந்தாலும் எஃகு விளிம்பு பிளாக்கின் வார்ப்பிரும்பைச் சுரண்டிவிடும். அந்தச் சுரண்டலுக்குப் பிறகு எந்தப் புஷ்ஷும் அங்கே சரியாக உட்காராது. நீள ஸ்டட் (மரை போட்ட கம்பி) ஒன்றை எடுங்கள். புஷ்ஷின் உள்ளே சரியாக நுழைந்து, விளிம்பில் தோள் தாங்கும்படி லேத்தில் கடைந்த ஒரு மாண்ட்ரல் வேண்டும். மறுபக்கம் பிளாக்கில் தாங்கும் ஒரு தடித்த வாஷர், ஒரு நட், நல்ல கிரீஸ். நட்டைத் திருகத் திருகப் புஷ் மெதுவாக, நேராக, உள்ளே வரும். கையில் வரும் எதிர்ப்பு சீராக இருக்க வேண்டும். திடீரென்று இறுகினால் நிறுத்துங்கள், அது சாய்கிறது.

ஃப்ரீசரில் வைத்துப் போட்டால் தானாக விழும் என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 46 மி.மீ. விட்டமுள்ள எஃகு வளையத்தை 30 டிகிரியிலிருந்து மைனஸ் 15 டிகிரிக்குக் கொண்டுபோனால் சுருங்குவது சுமார் 0.025 மி.மீ., அதாவது ஒரு தௌ. உதவிதான். ஆனால் மெல்லிய ஓடு கையில் எடுத்த சில நொடியில் சூடாகிவிடும். அதை நம்பி அவசரப்படுவதைவிட ஸ்டட்டை நம்புவது மேல்.

பொருத்திய பிறகு கேம் உள்ளே போகவில்லை என்றால் என்ன செய்வது? இங்கேதான் வீட்டு வேலை சிக்கிக்கொள்ளும். பழைய கேம் ஒன்றின் ஜர்னலில் குறுக்கே ஒரு பள்ளம் அறுத்து, அதையே ரீமர் மாதிரி சுற்றி, மேடு தட்டும் இடத்தைச் சீவி எடுக்கிற பழைய கைமுறை ஒன்று உண்டு. சிலர் ஜர்னலில் நீல மை தடவி, சுற்றி, மை ஒட்டிய இடத்தை ஸ்க்ரேப்பரால் எடுப்பார்கள். கை பழகியவர்கள் செய்தால் வண்டி ஓடும். ஆனால் அவர்கள் செய்வது தட்டும் இடத்தை மட்டும் எடுப்பது. எதிர்ப்பக்கத்தில் எவ்வளவு இடைவெளி விழுந்தது என்று யாரும் திரும்ப அளப்பதில்லை. கேம் லேசாகச் சுற்றுகிறது என்பதே போதும் என்று மூடிவிடுகிறார்கள். நான்கு தௌ இடைவெளி உள்ள புஷ்ஷிலும் கேம் லேசாகத்தான் சுற்றும். இரண்டு தௌ இருக்க வேண்டிய இடத்தில் நான்கு என்றால், முன்னால் சொன்ன எட்டு மடங்குக் கசிவு.

ஸ்க்ரேப்பரை எடுக்கும் முன் கேமையும் பார்க்க வேண்டும். வி பிளாக் இரண்டில் கேமை வைத்து, நடு ஜர்னலில் டயல் கேஜ் வைத்துச் சுற்றுங்கள். கேமே வளைந்திருந்தால் குற்றம் புஷ்ஷில் இல்லை. வளைந்த கேமுக்காக நல்ல புஷ்ஷைச் சுரண்டி வீணாக்கிய எஞ்சினை நானே பார்த்திருக்கிறேன்.

லைன் ரீமர் உள்ள பட்டறைக்குக் கொடுப்பது

மூன்று வளையல்களை ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்தி, ஒரே கோலை மூன்றிலும் நுழைப்பதை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வளையலும் தனித்தனியே அழகான வட்டமாக இருக்கலாம். ஒன்று கொஞ்சம் தள்ளி நின்றாலும் கோல் தட்டும். கேம் புஷ்ஷின் கதையும் இதுதான். ஒவ்வொன்றாக ரீமர் ஓட்டினால் மூன்றும் நல்ல வட்டமாக வரும், ஆனால் ஒரே கோட்டில் வரும் என்று சொல்ல முடியாது. லைன் ரீமர் என்பது நீளமான ஒரே தண்டு. ஒரு புஷ்ஷை வெட்டும்போது மற்ற புஷ்கள் அதற்கு வழிகாட்டும் தாங்கியாக இருக்கும். அதனால்தான் நேர்கோடு வருகிறது. போரிங் மெஷினில் லைன் போரிங் பார் போட்டும் செய்யலாம், பலன் அதேதான்.

இந்த வழிதான் சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சிக்கல் என்னவென்றால், எல்லாப் பட்டறையிலும் இது இருக்காது. மெயின் பேரிங்குக்கு லைன் போரிங் செய்யும் இடங்கள் கிடைக்கும். கேம் துளை சிறியது, அதற்குத் தனி பார் வேண்டும். 'செய்வோம்' என்று சொன்னதோடு விடாதீர்கள். எந்தக் கருவியில் செய்வீர்கள், கடைசியில் எந்த அளவுக்குக் கொண்டுவருவீர்கள் என்று கேளுங்கள். 'கேம் போட்டுப் பார்த்துச் சரிபண்ணிடுவோம் சார்' என்று பதில் வந்தால் அது ஸ்க்ரேப்பர் வேலை. அதற்கு அவ்வளவு தூரம் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. கேமையும் பிளாக்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, முதலில் ஜர்னலை அளந்து எழுதி வைத்துக்கொள்கிற ஃபோர்மேன் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

இளம் மெக்கானிக்குகளில் பலர் கேம் புஷ்ஷையே பார்த்திருக்க மாட்டார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை. மாருதி 800-இல் கேம் ஹெட்டுக்குள்ளே அலுமினியத்திலேயே நேரடியாகச் சுழல்கிறது, தனிப் புஷ் கிடையாது. பழைய ஜீப்பின் ஹரிக்கேன் எஞ்சினில்கூட முன்பக்கம் ஒன்றுதான் புஷ், மற்றவை பிளாக்கின் இரும்பிலேயே ஓடும். மூன்று புஷ்ஷையும் ஒரே கோட்டில் முடிக்கிற வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. இருக்கிறவர்களிடம் இப்போதே செய்து வாங்கிக்கொள்வது நல்லது.

வைட் மெட்டலா, கன்மெட்டலா?

புஷ் கிடைக்கவில்லை என்றதும் பட்டறையில் முதலில் சொல்வது, 'கன்மெட்டல்ல கடைஞ்சு போட்டுடலாம், ஆயுசுக்கும் தேயாது' என்பதுதான். தேயாது என்பது பாதி உண்மை. கன்மெட்டல் என்பது ஒரு வகை வெண்கலம், கடினமானது. வைட் மெட்டல் மென்மையானது. எண்ணெயோடு வரும் சின்னத் துகளை வைட் மெட்டல் தனக்குள் புதைத்துக்கொள்ளும், ஜர்னலைக் காப்பாற்றும். கன்மெட்டலில் அந்தத் துகள் புதையாமல் நின்று ஜர்னலைக் கீறும். அப்போது தேய்வது புஷ் இல்லை, கேம். புஷ்ஷைவிடக் கேம் கிடைப்பதுதான் கடினம்.

வெப்பத்தில் விரிவதும் வேறு. கன்மெட்டல் வார்ப்பிரும்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். வெளிப்பக்கம் பிளாக் பிடித்துக்கொண்டிருப்பதால் அந்த விரிவு உள்நோக்கி வந்து துளையைச் சுருக்கும். அதனால் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டியிருக்கும். எண்ணெய்த் துளை, பள்ளம் எல்லாம் கடைகிறவர்தான் போட வேண்டும், அதில் மறதிக்கு இடம் அதிகம்.

ஆனாலும் ஒரு இடத்தில் கன்மெட்டல்தான் கைகொடுக்கும். யாரோ சுத்தியலால் அடித்துப் பிளாக்கின் துளை ஏற்கெனவே கெட்டிருந்தால், அல்லது புஷ் லூஸாகிப் பிளாக்குக்குள்ளேயே சுற்றியிருந்தால், கடையில் வாங்கும் புஷ் அங்கே பிடிக்காது. துளையைப் பெரிதாக்கிச் சுத்தம் செய்து, வெளிவிட்டம் கூடிய கன்மெட்டல் புஷ் கடைந்து போட்டு, பிறகு மூன்றையும் சேர்த்து லைன் ரீமர் ஓட்டுவதுதான் ஒரே வழி. அதைத் தவிர மற்ற எல்லா நேரத்திலும் என் ஓட்டு எஃகு ஓட்டோடு கூடிய வைட் மெட்டல் புஷ்ஷுக்கே. பழைய ஸ்பேர் தேடுகிறவர்களுக்குச் சென்னை புதுப்பேட்டை தெரிந்த இடம்தான். எம்ஜி கார்களுக்காக வெளிநாட்டில் விற்கும் பி சீரிஸ் புஷ்களும் உண்டு. எதை வாங்கினாலும் உங்கள் கேமின் மூன்று ஜர்னலையும், பிளாக்கில் துளையின் அகலத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கும் கார் பெயரை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்.

எண்ணெய்த் துளை

எங்கள் வண்டிக்கு நடந்தது இதுதான். முதல் முறை பிளாக்கை ஒரு பட்டறையில் கொடுத்தோம். ரீமர் வேலை நன்றாகவே செய்திருந்தார்கள். கேம் இரண்டு விரலில் சுற்றியது, அளவும் சரி. எஞ்சினைக் கூட்டி ஸ்டார்ட் செய்தோம். ஆயில் பிரஷர் முள் நன்றாக ஏறி நின்றது. எல்லாருக்கும் சந்தோஷம். ஐந்து நிமிடம் ஆனதும் மேலே டிக் டிக் என்று ஒரு சத்தம். டேப்பட் கேப் கூடுதலாக இருக்கும் என்று ராக்கர் கவரைக் கழற்றினேன். ராக்கர்மேல் கூட்டும்போது நான் தடவிய எண்ணெய் மட்டும்தான் இருந்தது, அதுவும் காயத் தொடங்கியிருந்தது. கவர் இல்லாமலே ஐட்லிங்கில் ஓட விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். எட்டு ராக்கரிலும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. உடனே அணைத்துவிட்டேன்.

மறுபடியும் எஞ்சினை இறக்கி, கேமை உருவி, பின் புஷ்ஷுக்குள் பார்த்தபோது துளை பிளாக்கின் துளையிலிருந்து மூன்று மி.மீ. போலத் திரும்பி உட்கார்ந்திருந்தது. பிறைநிலா மாதிரி ஒரு கீற்று மட்டும் திறந்திருந்தது. கேமுக்கு அந்தக் கீற்றில் வந்த எண்ணெய் போதும், அதனால் அது கெடவில்லை. மேலே ஏறிப்போக மட்டும் எண்ணெய் இல்லை. பிரஷர் முள் இதைக் காட்டவே காட்டாது. வழி அடைத்தால் பிரஷர் குறையாது, கூடத்தான் செய்யும்.

அதனால் யார் பொருத்தினாலும் இந்த ஒரு சோதனையை நீங்களே செய்யுங்கள். புஷ்ஷை இழுப்பதற்கு முன், பிளாக்கின் எண்ணெய்த் துளை எங்கே இருக்கிறது என்று பிளாக்கின் முகத்தில் மார்க்கர் கோடு போட்டுவிடுங்கள். புஷ்ஷின் விளிம்பிலும் அதன் துளைக்கு நேராக ஒரு கோடு. இரண்டு கோடும் சேர்ந்தபடி இழுங்கள். உள்ளே போனதும் துளை அளவுக்குச் சரியாக வரும் ட்ரில் பிட்டின் அடிப்பக்கத்தைக் கையால் துளைக்குள் விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் போக வேண்டும். பின் புஷ்ஷில் எண்ணெய் உள்ளே வரும் வழி, மேலே ஏறும் வழி இரண்டையும் பாருங்கள். கடைசியாகப் பிளாக்கின் மேல்முகத்தில் ராக்கருக்குப் போகும் துளையில் கம்ப்ரஸர் காற்றை விட்டு, பின் புஷ்ஷுக்குள் விரல் வைத்தால் காற்று விரலைத் தள்ள வேண்டும். கண்ணில் துகள் படாமல் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் கால் மணி நேரம்கூட ஆகாது. எங்களுக்கு இது தெரியாததால் ஒரு எஞ்சினை இரண்டு முறை இறக்கினோம்.

ரீமர் ஓட்டிய பிறகு எண்ணெய்த் துளைகளில் உலோகச் சீவல் தங்கியிருக்கும். எல்லா வழியையும் பிரஷ் விட்டுத் தேய்த்து, காற்று அடித்து, மறுபடி கழுவுங்கள். துளையின் ஓரத்தில் நிற்கும் பிசிறை ஸ்க்ரேப்பர் முனையால் ஒரு சுற்று எடுத்தால் போதும்.

நான் எதைத் தேர்ந்தெடுத்தேன்

இரண்டாவது முறை அதே பட்டறைக்கே போனேன், புதுப் பின் புஷ்ஷோடு. முன்னதும் நடுவும் அளவில் சரியாக இருந்ததால் தொடவில்லை. அவர்கள் செய்த ரீமர் வேலையில் குறை இல்லை. துளையைச் சரிபார்க்காததுதான் குறை, அதை இந்த முறை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். முன், நடுப் புஷ்களையே தாங்கியாக வைத்துப் பின்னதை மட்டும் வெட்டினார்கள்.

உங்கள் நிலைமைக்குச் சொல்வதானால், அளவு சரியாக இருந்து பிளாக்கைக் கையால் கழுவ முடியும் என்றால் தொடாதீர்கள். தேய்ந்திருந்தாலோ, காஸ்டிக் தொட்டிக்குப் போனாலோ, லைன் ரீமர் இருக்கும் இடத்தைத் தேடிக் கொடுங்கள். பக்கத்து ஊருக்குப் போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. போர் கேஜும் மைக்ரோமீட்டரும் கையில் இருந்து, பொருத்திய பிறகு அளவு வரம்புக்குள் வருகிறது என்று காட்ட முடிந்தால் மட்டும் வீட்டில் ஸ்டட் வைத்துப் பொருத்துங்கள். அளவு வரவில்லை என்றால் பொருத்திய பிளாக்கை அப்படியே பட்டறைக்குக் கொண்டுபோய் ரீமர் மட்டும் ஓட்டி வாங்கலாம். வெட்டுவதற்கு வைட் மெட்டல் மிச்சம் இருக்கும் வரை ஒன்றும் கெட்டுவிடாது. மூன்றில் ஒன்று மட்டும் தேய்ந்திருக்கும்போது மூன்றையும் மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள். மற்ற இரண்டும் நல்ல அளவில் இருந்தால் அவை புதியதற்கு வழிகாட்டும்.

கேமை உள்ளே இறக்கும்போது பிளாக்கைப் பின்பக்கம் கீழே வரும்படி செங்குத்தாக நிறுத்தி, கேமின் முனையைக் கையால் உறுதியாகப் பிடித்து, மேலிருந்து மெதுவாகச் சுற்றிக்கொண்டே விடுங்கள். படுக்க வைத்துத் தள்ளினால் கேமின் கூரான விளிம்பு புதுப் புஷ்ஷில் கோடு போட்டுவிடும். உள்ளே போனபின் ஸ்ப்ராக்கெட்டும் தட்டும் மாட்டி, கேமின் முன்பின் அசைவைப் பாருங்கள்; 0.003 முதல் 0.007 அங்குலம் இருக்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் கொஞ்ச நேரமாக நிறுத்தி நிறுத்திச் சுற்றுங்கள். இந்த எஞ்சினில் ஆயில் பம்ப்பைச் சுழற்றுவதும் கேம்தான், அதனால் முள் எழும் வரை சுற்ற வேண்டும். ராக்கர் கவரை மூடாதீர்கள். இரண்டாவது முறை நாங்கள் அப்படித்தான் நின்றோம். முள் எழுந்து கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் பின்பக்க ராக்கரின் இடுக்கில் ஒரு பளபளப்பு வந்தது, சொட்டாகித் திரண்டு ஸ்பிரிங்மேல் வழிந்தது. அடுத்தது, அதற்கடுத்தது என்று முன்பக்கம் வரை எட்டிலும் எண்ணெய் வந்த பிறகுதான் பிளக்கை மாட்டினோம்.